நேத்து மீன்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற பெண்ணோடு எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் சண்டை போட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீடு திருப்போரூரில், கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி. அவள் திருவிடந்தையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். தலையில் அலுமினியக் கூடை, கையில் கோணிப்பை, பைக்குள் அரிவாள்மணை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கிருத்திகை அன்று எங்கள் தெருவில் யாரும் மீன் தொட மாட்டார்கள் என்பது அவளுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். அன்று வர மாட்டாள்.

"யக்கா, மீனு" என்று வாசலில் குரல் கேட்கும். நான் உடனே போய்விட மாட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகு, ஏதோ பெரிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவள் மாதிரி போவேன். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

"நேத்து மீனு."

"கண்ண தொறந்து பாத்து சொல்லு. காலைல வலையிலேந்து எடுத்தது. இன்னும் சூடு கூட ஏறல."

"நீ கூடைல ஐஸ் போட்டு வச்சா சூடு எப்டி ஏறும்?"

இப்படி ஆரம்பித்தால் பத்து நிமிடம் போகும். எதிர் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் நான் வாங்குவேன், அவள் முணுமுணுத்துக்கொண்டே அரிந்து கொடுப்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தில் எட்டு தடவை அது காலையில் வந்த மீன்தான். எனக்கும் தெரியும். ஆனால் மீதி இரண்டு தடவை நான் சொன்னது சரியாக இருக்கும், அவள் அந்த மீனைப் பேசாமல் கூடைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அந்த இரண்டு தடவைக்காகத்தான் மற்ற எட்டு தடவையும் சண்டை. என் மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

திமிருக்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பில் இருக்கிற எதையும் ருசி பார்ப்பதில்லை. கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டால் பாத்திரம் முழுவதும் எச்சில். அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தாள். பொங்கலுக்கும் வடைக்கும் அது சரி, சாமிக்குப் படைக்கிறது. அம்மாவிடம் மீன் குழம்புக்கும் அதே சட்டம்தான் செல்லும், என்னிடமும் அப்படியே வந்துவிட்டது. என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. எதற்கும் காரணம் கேட்பார்.

"மீன் கொழம்ப எந்த சாமிக்குப் படைக்கப் போற?" என்று கேட்பார். மூடியைத் திறந்து ஆவியை மட்டும் முகர்வேன். புளியின் பச்சை வாசனை போய்விட்டதா, மிளகாய்த்தூள் அடங்கிவிட்டதா, உப்பு மட்டாக இருக்கிறதா, எல்லாம் ஆவியிலேயே தெரிந்துவிடும். நண்டுக்கு மிளகும் சோம்பும் இடித்துப் போட்டால் ஓடு சிவக்கும்போது ஒரு வாசனை வரும், அப்போதுதான் தீயைக் குறைக்க வேண்டும். இறால் வேகும்போது கொஞ்ச நேரம் மட்டும் இனிப்பாக ஒரு வாசனை வரும். அதை விட்டுவிட்டால் இறால் ரப்பராகிவிடும். கல்யாணமாகி இருபது வருடத்தில் மீன் குழம்பில் உப்புக் குறைவு என்று யாரும் என் வீட்டில் இலையைத் தள்ளியதில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊருக்கே வந்து போன காய்ச்சல்தான். எல்லோரும் அதை மறந்துவிட்ட பிறகு எனக்கு வந்தது. நாலு நாள் படுத்தேன், எழுந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ரசத்துக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு பல் நசுக்கிய பிறகுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. விரலை மூக்கில் வைத்து இழுத்தேன். வெறும் காற்று. பெருங்காய டப்பாவைத் திறந்தேன். காபிப்பொடியைத் திறந்தேன். பூஜை அறைக்குப் போய்க் கற்பூரத்தைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டாக்டர், "திரும்பி வரும்மா, சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும்" என்றார். சில பேருக்கு வராமலே போகும் என்பதை நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் பிரசவத்துக்கு வர என் வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை. இப்போது வெளியூரில் படிக்கிற என் மகன் பிறந்தபோது அம்மாதான் எனக்குச் சுறாப்புட்டு செய்து கொடுத்தாள், பால் ஊற வேண்டும் என்று. தங்கைக்கு அப்போது பத்து வயது இருக்கும். என் தட்டிலிருந்து எடுத்து எடுத்துத் தின்பாள், அம்மா அவள் கையிலேயே ஒன்று போடுவாள். இப்போது போனில், "யக்கா, அம்மா உனுக்கு செஞ்சுக் குடுத்தாங்கல்ல, அது எனுக்கும் வேணும்" என்றாள். "செய்றேண்டி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மீன்களிலேயே மூக்கு இல்லாமல் வாங்கக் கூடாதது சுறா. பார்க்க வெள்ளையாக, விறைப்பாக, இன்றைக்குப் பிடித்தது போலவே இருக்கும். கெட்டுப்போயிருந்தால் மூக்குக்கு மட்டும்தான் தெரியும். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு நான் எதைச் செய்து கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அம்மா இருந்த இடத்தில் நின்றுகொண்டு இதைக்கூடச் செய்யத் தெரியாதவளாக ஆகிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

அடுத்த ஞாயிறு மீன்காரி வந்தாள். நான் வழக்கம்போல இரண்டாவது கூப்பாட்டுக்குப் போனேன். அன்று கூடையில் நண்டு. ஒன்றை எடுத்தேன், மூக்கருகே வைத்தேன், கண்ணை மூடினேன். எட்டு வருடப் பழக்கம், வார்த்தை தானாக வந்துவிட்டது.

"நேத்துது."

கண்ணைத் திறந்தேன். நண்டு என் கையில் கொடுக்கை மெல்ல மடக்கி விரித்துக்கொண்டிருந்தது.

"உசுரோட கீற நண்ட நேத்துதுன்ற" என்றாள் அவள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "இன்னா யக்கா ஆச்சு உனுக்கு?"

கணவரிடம் சொல்லாததை, தங்கையிடம் சொல்லாததை, வாசற்படியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். எதிர் வீட்டு மாடியில் ஆள் இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இனிமே உனுக்கு நான் பாத்து எடுக்கறேன். என்னிய நம்புவியா?" என்றாள். எட்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் உன்னை நம்பவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்ன நான், தலையை மட்டும் ஆட்டினேன்.

அதிலிருந்து சண்டை நின்றுபோனது. அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் வாங்கிக்கொள்வேன். அது எவ்வளவு துக்கமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எதிர் வீட்டுக்காரியே, "இன்னாங்க, சத்தத்தையே காணோம்" என்று கேட்டாள். அதைவிட எரிச்சலாக இருந்தது, மீன்காரி புதிதாகப் பிடித்துக்கொண்ட ஒரு பழக்கம். வாங்கி முடித்ததும் கூடைக்கு அடியிலிருந்து ஒரு மீனை எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டுவாள்.

"ஏதாச்சும் தெரிதா?"

"ஒண்ணும் தெரில."

"நல்லா இழுத்துப் பாரு."

"அதான் தெரிலன்றேன்ல."

அந்த மீனைத் தெருக்கோடியில் இருக்கிற பழுப்புப் பூனைக்குப் போட்டுவிட்டுப் போவாள். வாரம் தவறாமல். நொண்டி ஆளுக்கு முன்னால் நடந்து காட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. ஒரு தடவை, "இந்த வெளையாட்டெல்லாம் வேணாம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் காதில் வாங்கவே இல்லை. பூனை மட்டும் கொழுத்துக்கொண்டே போனது.

சமையலை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். உப்பை அளந்து போட்டேன். புளிக்குக் கடிகாரம் பார்த்துக் கொதிக்கவிட்டேன். கணவர் சாப்பிடும்போது முகத்தையே பார்ப்பேன். அவர் எதைப் போட்டாலும் சாப்பிடுகிற ஜாதி, அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. இரண்டு கவளம் சாப்பிட்டதும் தண்ணீர் குடித்தால் உப்பு அதிகம் என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தபோது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். என் மகனின் தலை எப்படி மணந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தங்கையும் அழுதாள்.

இரண்டாவது வாரம் அவள் சுறாப்புட்டு கேட்க ஆரம்பித்தாள். அந்த ஞாயிறு கடல் சரியில்லை, படகு போகவில்லை, மீன்காரி வரவில்லை. தங்கை மூன்றாவது தடவை கேட்டாள். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மெயின் ரோட்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் சுறா வாங்கினேன். செவுளைப் பார்த்தேன், விரலால் அழுத்திப் பார்த்தேன், தோல் சொரசொரவென்று நன்றாகவே இருந்தது. கடைக்காரர் "இன்னிக்கு வந்ததுதாம்மா" என்றார். நான் சண்டை போடவில்லை. எதை வைத்துப் போடுவது?

மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தேன். கொஞ்சம் ஆறியதும் மணல் மாதிரி இருக்கிற தோலைத் தேய்த்து எடுத்தேன், முள்ளை எடுத்தேன், சதையை உதிர்த்துத் தண்ணீர் போகப் பிழிந்தேன். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, நிறையப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், பொடியாக அரிந்த வெங்காயம். அம்மாவின் கணக்கு அப்படியே நினைவிருந்தது. வெங்காயம் பொன்னிறமானதும் உதிர்த்ததைப் போட்டுக் கிளறினேன். பார்க்க அம்மா செய்தது மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, தாலாட்டு ஒன்றைக்கூட முணுமுணுத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் செருப்பைக் கழற்றாமல் அடுப்படிக்குள் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். பின்னாலேயே தங்கை வந்து நின்றாள். குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"இன்னா யக்கா நாத்தம் இது? ரூம்ல ஒக்கார முடில."

கணவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனுக்கு தெரிலயா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை, "இதையா ரெண்டு மாசமா மறச்சிகினு கீற?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையும் எங்கள் நடுவில். கணவர் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கொஞ்ச நாளைக்கு மீனு வாணாம். நான் சமைக்கறேன்" என்றார் மெதுவாக. "அப்ப என்ன அடுப்படி பக்கமே வராதன்னு சொல்லிடு" என்று கத்தினேன். நல்ல மனுஷர், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அடுத்த வாரம் முழுக்க அவர் சமையல்தான். குழம்பில் சில நாள் உப்பே இருக்காது, சில நாள் இரண்டு தடவை இருக்கும் என்று தங்கை சிரிப்பாள்.

ஞாயிறு வந்தது. "யக்கா, மீனு" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. தங்கை போய் நடந்ததையெல்லாம் சொன்னது காதில் விழுந்தது. பிறகு மீன்காரியின் குரல்.

"நான் உள்ள வரட்டா?"

எட்டு வருடத்தில் நான் அவளை வாசற்படி தாண்டிக் கூப்பிட்டதில்லை. மீன் கூடை, வீடு நாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கூடையும் இல்லாமல், காலைக் கழுவிவிட்டு, கையில் ஒரு சிறிய பால் சுறாவோடு அவள் அடுப்படி வாசலில் நின்றாள். நாறுகிறது என்று சொல்ல எனக்கு மூக்கும் இல்லை. "வா" என்றேன். வெட்கமாக இருந்தது.

"மூக்கு என்னுது. கையி உன்னுது. செய்யி."

செய்தேன். அவள் பக்கத்தில் நின்று, "இன்னும் பச்ச வாசன போவல", "இப்ப பூண்டு வந்துட்ச்சி", "தீயக் கொறை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு யாராவது அடுப்படியில் நின்று சொன்னால் பிடிக்காது. அன்று பிடித்தது. கடைசியில் நான் கேட்டேன், "உப்பு சரியா கீதா பாரு."

"உப்பெல்லாம் எனுக்கு மூக்குல தெரியாது யக்கா. நாக்குல வச்சி பாரு."

"எங்க வூட்ல அப்டி பாக்கறதில்ல."

"மூக்குதான் போச்சி, நாக்கு கீதில்ல?"

கை வரவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. பிறகு, அம்மாவும் தங்கை சாப்பிட வேண்டும் என்றுதானே நினைப்பாள் என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். வாசனை ஒன்றும் இல்லை, பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் உப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது. இரண்டு மாதமாக இது என் வாயிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டேன். தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவை கையை நீட்டினாள். மீன்காரிக்கு அங்கேயே ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "வெங்காயம் ஜாஸ்தி" என்றாள்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அவள் உள்ளே வருவாள், சொல்வாள், நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். போகும்போது அந்தப் பாழாய்ப்போன மீனை மூக்கில் நீட்டாமல் போக மாட்டாள். "தெரில" என்பேன். பூனை வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது.

தங்கை மூன்றாம் மாதம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்ப இருந்தாள். அதற்கு முந்தைய ஞாயிறு. மீன்காரி வாசலில் ஒரு கானாங்கத்தை மீனை எடுத்து நீட்டினாள். எரிச்சலோடு குனிந்து இழுத்தேன். ஏதோ ஒன்று. ஈரச் சாக்கை மூலையில் போட்டுவைத்த மாதிரி, மூக்கின் மேல் நுனியில் பட்டுவிட்டுப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்து மீனை இன்னும் பக்கத்தில் இழுத்தேன். திரும்பவும் வந்தது.

"நேத்துது" என்றேன்.

"நல்லா மோந்து சொல்லு."

"நேத்துது இல்ல. முந்தாநேத்துது. இதப் போயி எங்கிட்ட காட்ற."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. செதில் ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல மீனுக்கு இன்னா வாசன கீது யக்கா, ஒண்ணும் கெடியாது. நாறுறதுதான் மொதல்ல மூக்குல ஏறும். அதான் வாராவாரம் ஒண்ண உனுக்குன்னு கெட வச்சி எடுத்தாந்துகினு இருந்தேன். எங்க வூட்ல எல்லாரும் திட்றாங்க, ஷேர் ஆட்டோல பக்கத்துல யாரும் ஒக்கார மாட்றாங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் சண்டை போட்டேன். அஞ்சு மாசமாகக் கெட்டுப்போன மீனை என் மூக்கில் வைத்தாயா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவளும் விடவில்லை, "இன்னும் ரெண்டு வெப்பேன், இன்னா பண்ணுவ" என்று எழுந்து நின்றாள். எதிர் வீட்டு மாடியில் ஆள் வந்து நின்றது. பூனை மீனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை தங்கை கிளம்பினாள். காரில் ஏறுவதற்கு முன் குழந்தையைக் கடைசியாக ஒரு தடவை வாங்கிக்கொண்டேன். உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். ஒன்றும் இல்லை. கழுத்து மடிப்பில் வைத்தேன். அங்கே கக்கிய பால் காய்ந்து, லேசாகப் புளித்த நாற்றம் அடித்தது.

"கொழந்தைக்குக் கழுத்த சரியா தொடைக்கல நீ" என்று தங்கையைத் திட்டிக்கொண்டே திரும்பவும் முகர்ந்தேன்.